இன்னொரு பார்க்கு எதுக்குங்க?

இப்படி நிழலுக்கு வந்து உக்காருங்க்கா. அட, சும்மா உக்காருங்க, இந்தப் பைகளை நான் கீழ எறக்கி வெச்சுக்கறேன். எல்லாம் எங்களுதுதான். துண்டு, மாத்துத் துணி, முறுக்கு டப்பா, எங்கூட்டுக்காரரோட மாத்திரை. நீங்களும் தண்ணியில எறங்கல போல இருக்குது? நல்ல வேலை செஞ்சீங்க. நம்ம வயசுக்கு நைலான் டவுசரை மாட்டிக்கிட்டு அந்தக் குழாய்க்குள்ள படுத்துத் தொபுக்கடீர்னு விழுகோணும்னு என்ன தலையெழுத்து? சித்த முந்தி ஒரு பொம்பளை விழுந்தாங்க பாருங்க, எந்திரிச்சு வந்து எதிர்ல இருந்த யாரோ ஒரு ஆளு கையப் புடிச்சுக்கிட்டு அழுகறாங்க. அவங்க ஊட்டுக்காரரு அக்கட்ட நின்னு சிரிக்கறாரு.

எங்களுக்குத் தாராபுரமுங்க. எம்பேரு துளசிமணி. அந்தா, மரத்தடியில துண்டை மூஞ்சில போட்டுக்கிட்டுத் தூங்கறாரே, அவருதான் எங்கூட்டுக்காரரு, நாச்சிமுத்து. கொப்பரை யாவாரம். பையன் தருணு காலேஜு படிக்கறான், அவன் எந்த ராட்டினத்துல தலைகீழாத் தொங்கறானோ தெரியல. பொண்ணு சிந்துஜா. மஞ்சக் குழாய்க்கு வரிசையில நிக்கறா பாருங்க, பச்சைச் சட்டை, அவதான். லட்சணமா இருக்கறாளுங்களா? நீங்களே சொல்லுங்க. நான் பெத்தவ, நான் சொன்னா எடுபடாது.

முந்தாநேத்துத்தான் பெங்களூரு பக்கத்துல ஒரு பெரிய பார்க்கைப் பார்த்தமுங்க. பொழுதுக்கும் சுத்திச் சுத்தி எனக்குக் காலு ரெண்டும் கழண்டு போச்சு. அதை முடிச்சுட்டுத் திரும்பி வர்ற வழியில சேலத்துக்கிட்ட இன்னொரு பார்க்கு எதுக்குன்னு நீங்க நினைப்பீங்க. எங்கூட்டுல எல்லாரும் அதையேதான் கேட்டாங்க. சம்பந்தமில்லாதவங்க கூடக் கேட்டாங்க. பால்காரரு கேட்டாருங்க.

காரணம் இருக்குது. ஆனா அது ரகசியம். எங்கிட்ட ஒரு ரகசியம் வந்துதுன்னா கிணத்துல போட்ட கல்லுதானுங்க, மேல வராது. எங்கூட்டுக்காரரு அதுக்கு நேரெதிரு, ஓட்டவாயி. அவருகிட்ட ஒண்ணைச் சொல்றதும் மாரியாத்தா கோயில் மைக்குல சொல்றதும் ஒண்ணு. தவளை தன் வாயாலதான் கெடும்னு நானும் கல்யாணமான நாள்லயிருந்து சொல்றேன், திருந்தற ஆளைக் காணோம்.

உங்ககிட்டச் சொன்னா என்ன கெட்டுப்போச்சு? நீங்க யாரோ, நான் யாரோ. பொழுதோட வண்டியேறிட்டா நீங்க ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். சித்த கிட்ட வாங்க. இன்னைக்கு எம்பொண்ணைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. இங்கதான், இந்த மின்மினி வேர்ல்டுலதான். நாலு மணிக்கு அந்தப் பெரிய ராட்டினத்துக்கு அடியில. அவளுக்கே தெரியாதுங்க.

ஏனுங்க அப்படி முழிக்கறீங்க? பொண்ணுக்குத் தெரியாம பொண்ணு பார்க்கறது பாவமா? கேளுங்க, முழுசாக் கேட்டுட்டு அப்பறம் சொல்லுங்க.

இவளுக்கு நாங்க பார்க்க ஆரம்பிச்சு ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. இந்தக் காலத்துல பொண்ணுங்களுக்குத்தான் கிராக்கி, மாப்பிள்ளைங்கதான் வரிசையில நிக்கறாங்கன்னு எல்லாரும் சொல்றாங்களே, அந்த வரிசை எங்கூட்டு வாசல்ல மட்டும் நிக்கல. ஒருத்தரு வந்து பொண்ணு உயரம் ஜாஸ்தின்னாங்க. உக்காந்து சாப்பிடறப்ப உயரம் தெரியுமுங்களா? இன்னொருத்தரு, திருப்பூருல எக்ஸ்போர்ட்டு கம்பெனியில கணக்கு பார்க்கற புள்ள நம்ம ஊட்டு வேலைக்கு ஆகாதுன்னுட்டாங்க. சரி போங்கன்னு விட்டாச்சு. கடைசியா வந்தது ஈரோட்டுப் பக்கம் ஒரு இடம். பார்த்தாங்க, புடிச்சுதுன்னாங்க, உப்புச் சக்கரை மாத்தி உறுதி பண்றதுக்கு நாளே குறிச்சாச்சு. நான் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாத்துக்கும் போன் போட்டுச் சொல்லி முடிச்சுட்டேன். பார்த்தா, தரகரு போன் பண்றாரு, 'அம்மா, அவங்களுக்கு வேற பக்கம் அமைஞ்சிருச்சாமா'ங்கறாரு. வேற பக்கம் அமைஞ்சிருச்சாம்! சட்டைத் துணியா இது?

எம்பொண்ணு அன்னைக்குப் பட்ட வேதனை இருக்குதே, எந்தப் புள்ளைக்கும் வரக்கூடாதுங்க. மூணு தோசை தின்னா. வெசனத்துல எத்தனை திங்கறோம்னே தெரியல பாருங்க. அப்பறம் டிவியப் போட்டு அவளும் தருணும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. உள்ள அழுதுக்கிட்டு வெளிய சிரிக்கறதுங்கறது எத்தனை கொடுமை! எனக்குப் பார்க்க முடியல. நான் பாத்ரூமுக்குள்ள போயிக் குழாயத் தொறந்து வுட்டுட்டு அழுதேன். அவளுக்காகத்தான் அழுதேன். மறுநாளும் அழுதேன். அதுக்கப்பறம் ஒரு வருசமா நான் எந்தக் கல்யாணத்துக்கும் போறதில்ல. எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துக்கே காய்ச்சல்னு சொல்லிட்டேன். ஏன்னா சிந்துஜா மனசு என்ன பாடுபடும்? அவ போனாள்தான், நல்லாப் பட்டுச் சேலை கட்டிக்கிட்டுப் போயிப் பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டு எனக்கு ஒரு பீடாவும் வாங்கிட்டு வந்தா. அவளுக்கு நெஞ்சழுத்தமுங்க. எதையும் வெளிய காட்ட மாட்டா.

ஆனா ஒண்ணு சொல்லிட்டா. 'ம்மா, இனிமேல் காபித் தட்டு, கேசரி, பஜ்ஜி, இந்த நாடகமெல்லாம் வேண்டாம். எவனும் ஊட்டுக்கு வர வேண்டாம்'னுட்டா. சரின்னு நானும் கோயில்ல வெச்சுப் பார்க்கலாம்னு ரோசனை பண்ணினேன். சிவன்மலைக்குப் போலாம் வா கண்ணுன்னேன். 'எவன் வர்றான்?'னா. பழநிக்குன்னேன். 'அங்க எவன் வர்றான்?'னா. நிசமாலுமே ஒரு தடவை சும்மா சாமி கும்படப் போலாம்னு கூப்பிட்டேங்க, அதுக்கும் அதே கேள்வி. ஊருல ஒரு கோயில் பாக்கியில்ல, எல்லாத்து மேலயும் அவளுக்குச் சந்தேகம் வந்துருச்சு.

அப்பத்தான் தரகரு பொன்னுச்சாமியண்ணன் இந்த இடத்தைக் கொண்டாந்தாரு. நல்ல இடம். பையன் ஓசூருல கம்பெனியில இருக்கறாரு. பேரு பூபதி. ஜாதகம் ஜம்முன்னு பொருந்துது. 'பாப்பாவுக்குச் சந்தேகமே வராத இடமாப் பார்த்துச் சொல்லுங்கம்மா'ன்னாரு. நானும் யோசிச்சுப் பார்த்தேன். தண்ணியில குதிக்கற இடத்துல வெச்சு எவனாச்சும் பொண்ணு பார்ப்பானா? பார்க்க மாட்டான். சரியா அமைஞ்சுது பாருங்க! நாங்க லீவுக்கு மைசூரு, பெங்களூருன்னு கிளம்பறதா இருந்தோம். அவங்க ஊருக்கு இந்த மின்மினி வேர்ல்டு பக்கம். வழியில ஒரு நாள் எறங்கினா ஆச்சு.

இதுல எம்மனசுல இன்னொண்ணு இருந்துதுங்க. அதுதான் முக்கியம். அவளுக்குத் தெரியாம அவங்க பார்த்துட்டுப் போயிட்டா, புடிச்சுதுன்னா சந்தோசம். புடிக்கலைன்னு வெச்சுக்குங்க, வேண்டாம்னு ஒருத்தங்க சொன்னதே எம்புள்ளைக்குத் தெரியப் போறதில்ல. அவ பாட்டுக்கு ராட்டினத்துல சுத்திட்டு, ஐஸ் தின்னுட்டு ஊட்டுக்கு வருவா. எனக்கு மட்டும்தான் தெரியும். நான் தாங்கிக்குவேன். நமக்கென்ன, தாங்கற கட்டைதானே?

தண்ணி குடிங்க்கா. விக்குது பாருங்க. யாரோ நினைக்கறாங்க.

சிக்கல் எங்க வந்துதுன்னா, ஒகேனக்கல்லுல வந்துது. திரும்பறப்ப ஒகேனக்கல் போறதா அவங்க மூணு பேரும் முன்னாடியே முடிவு பண்ணி வெச்சிருந்தாங்க. பரிசல்ல போகோணும்னு சிந்துஜாவுக்குச் சின்ன வயசுலயிருந்து ஆசை. எங்கூட்டுக்காரருக்கு மீனு. அந்த மீனு வறுவல் நெனப்புலயே ஒரு மாசமாச் சாம்பாரைப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. நான் சாப்பாட்டுல உக்காந்து, 'ஒகேனக்கல் வேண்டாம், அதுக்குப் பதிலாச் சேலத்துக்கிட்ட ஒரு பார்க்கு இருக்குதாம்'னு எடுத்தேன். மூணு பேரும் திங்கறதை நிறுத்திட்டாங்க.

தருணு உடனே போனை எடுத்துப் பார்த்தான். 'ம்மா, இதுல இருக்கறது எல்லாமே பெங்களூருல இருக்குது. இங்க ரோலர் கோஸ்டரு கூடக் குட்டி. குழந்தைங்க போறது. எதுக்கும்மா?'ங்கறான். பேச்சு நியாயம்தான். எங்கூட்டுக்காரரு, 'கறிச்சோறு தின்னுட்டு வந்து கஞ்சி குடிக்கச் சொல்றயே புள்ள'ங்கறாரு. அதுவும் நியாயம்தான். என் பக்கத்துல நியாயமே இல்லீங்க. இருக்கற நியாயத்தை வெளிய சொல்ல முடியாது.

அப்ப என்ன பண்றது? பனி வூடு இருக்குதாம், உள்ள போனா ஊட்டி மாதிரி குளுருமாம்னேன். 'உனக்கு ஃபேனுக்கே குளுருமேம்மா'ங்கறா சிந்துஜா. பரிசல் கவுந்த மாதிரி எனக்குக் கனவு வந்துதுன்னேன். அப்பவும் மசியல. ஒகேனக்கல்லுல மொதலைப் பண்ணை இருக்குது, அதுல ஒண்ணு வேலியத் தாண்டி ஆத்துக்குள்ள எறங்கியிருந்தா யாரு பொறுப்புன்னு கேட்டேன். 'மொதலைக்கு உன்னைத் தெரியும்மா, உம்புள்ளைங்கன்னு கண்டா ஒதுங்கிப் போயிரும்'ங்கறா. வாயி! வாயி நீளமுங்க அவளுக்கு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்ககிட்ட அமைதியான பொண்ணுன்னு சொல்லியிருக்கறோம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க, நாங்க ஒரு ஏழெட்டுத்தான் சொல்லியிருப்போம். நல்லாச் சமைப்பான்னு ஒண்ணு சொன்னோம். அவ வெச்ச ரசத்தை ஒரு தடவை நாய்க்கு ஊத்தினேன், அது என்னைப் பார்த்த பார்வை இருக்குதே!

சிரிக்கறீங்க. சிரிங்க சிரிங்க. நீங்க கலகலப்பானவங்கதான், பேச மாட்டேங்கறீங்களே ஒழிய.

கடைசியில சிந்துஜாதான் சொன்னா, 'இப்படிச் சண்டை போடறதுக்கு, சாமிகிட்டப் பூப்போட்டுப் பார்த்துக்கலாம்'னு. எங்கூட்டுல அது பழக்கமுங்க. ரெண்டு பொட்டலம் மடிக்கறது. ஒண்ணுல செம்பருத்தி, ஒண்ணுல நந்தியாவட்டை. சாமி படத்துக்கு முன்னாடி போட்டுக் கும்பிட்டுட்டு ஒண்ணை எடுக்கோணும். எந்தப் பூ வருதோ அதான் உத்தரவு. கிணறு வெட்டறதுக்கு, மாடு வாங்கறதுக்கெல்லாம் போட்டுப் பார்த்திருக்கறோம். பார்க்குக்குப் போலாமான்னு எங்க பரம்பரையில யாரும் கேட்டதில்ல. செகப்பு வந்தாப் பார்க்கு, வெள்ளை வந்தா ஒகேனக்கல்னு பேச்சு.

பொட்டலம் மடிக்கறது யாரு? நான்தானே? ரெண்டுலயும் செம்பருத்திய வெச்சு மடிச்சுட்டேன். சாமி குத்தம் ஆகாதுங்களான்னு கேக்காதீங்க. சாமிக்கும் பொண்ணு புள்ளைங்க இருக்கும், புரிஞ்சுக்கும். எங்கூட்டுக்காரரு கண்ணை மூடிக்கிட்டு மீனை நெனச்சுக்கிட்டே ஒண்ணை எடுத்தாரு. செகப்பு. மூஞ்சி செத்துப் போச்சு மனுசனுக்கு. எடுத்தவரு சும்மா இருக்கோணுமா இல்லையா? 'இன்னொண்ணுல வெள்ளைதான் இருக்குதான்னு பார்ப்போம்'னு கைய நீட்டறாரு! எத்தனை வருசமாப் பூப்போட்டுப் பார்க்கறோம், ஒரு நாளாச்சும் ரெண்டாவது பொட்டலத்தைத் தொட்டிருப்பாரா? மீனு படுத்தற பாடு. நான் என்ன பண்றது, லபக்குனு அதை எடுத்துப் பிரிக்காம அப்படியே வாயில போட்டு முழுங்கிட்டேன்.

மூணு பேரும் என்னையே பார்க்கறாங்க. 'பிரசாதம், மிதிபடக் கூடாது'ன்னேன். செம்பருத்தி உடம்புக்கும் நல்லதுதானுங்க. காகிதம்தான் கொஞ்சம் தொண்டையில நின்னுது.

அதோட சிந்துஜா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா. எங்கூட்டுக்காரரோ, விசயத்தைச் சொல்லாட்டி வண்டிய எடுக்கவே மாட்டேன்னு நிக்கறாரு. ஓட்டறது அவராச்சே! வேற வழியில்லாம மறுநாள் கடைக்குப் போயி, கொப்பரை மூட்டை மேல உக்கார வெச்சு, குலதெய்வத்து மேல சத்தியம் வாங்கிக்கிட்டு அவருகிட்ட மட்டும் சொன்னேன். ஆனாப் பாருங்க, இந்த ஒரு விசயத்துல மனுசன் வாயத் தொறக்கல. நானே அசந்துட்டேன். பொண்ணுன்னு வந்தா ஓட்டவாய்க்கும் பூட்டு வந்துருது.

பூவோட சக்திய அன்னைக்குப் பொழுதோடவே பார்த்தேன். கம்பெனிக்குப் போயிட்டு வந்த சிந்துஜா தானா எங்கிட்ட வந்து, 'சரிம்மா, அந்தப் பார்க்குக்கே போலாம்'ங்கறா! சிரிச்ச மூஞ்சியோட சொல்றா. பரிசலு வேண்டாமா கண்ணுன்னேன். 'அது எங்க போகுது, அப்பறம் பார்த்துக்கலாம்'னுட்டா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. எம்மேல எத்தனை பிரியம் இருந்தா அத்தனை ஆசையா இருந்ததை வுட்டுக் குடுப்பா?

அதுக்கப்பறம் ஒரே குசியாயிட்டா. புதுசாத் துணி எடுத்தா. அழகு நிலையத்துக்குப் போயிப் புருவம் திருத்திட்டு வந்தா. தண்ணிக்குள்ள முங்கறதுக்குப் புருவம் எதுக்கு கண்ணுன்னேன், 'மொதலை பார்க்குமில்ல'ங்கறா. மொதலை ஒகேனக்கல்லுலதானே இருக்குது, இங்க ஏது? அப்படித்தான் எதையாச்சும் உளறுவா. கம்பெனியில வேற அவளுக்கு வேலை ஜாஸ்தி போல, தினமும் பொழுதோட மாடிக்குப் போயி ஆபீஸ் போனு பேசிக்கிட்டே இருப்பா. சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவா. கணக்குல என்ன சிரிப்போ, நமக்குத் தெரியறதில்ல. பெங்களூருப் பார்க்குல கூட அவளுக்கு மனசே ஓடல. 'சேலத்துக்கு எப்பப் போறோம், சேலத்துக்கு எப்பப் போறோம்'னு ஒரே அரிப்பு. இன்னைக்கு இங்க கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னுட்டோமுங்க. தருணு திட்டறான்.

இப்பப் பாருங்க அவளை. அங்க வரிசையில யாரோ ஒரு பையன் கூடப் பேசிக்கிட்டு நிக்கறா. நீலக் கலர் டவுசரு, ஆமா, அந்தத் தம்பிதான். யாருன்னே தெரியல. காலையிலயிருந்து எந்த வரிசைக்குப் போனாலும் அவனும் பின்னாடியே நிக்கறான். இவளும் வாய் குடுத்துக்கிட்டு நிக்கறா. இப்ப அவ கையில இருக்கற சோளத்தை அவன் புடுங்கித் திங்கறான்! அடக் கெரகமே. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நேரங்காலமா வந்துட்டு இதைப் பார்த்தாங்கன்னா என்ன நினைப்பாங்க? வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய ஒடைக்கறாளே! நீங்க பார்த்துச் சொல்லுங்க, பொறுக்கிப் பையன் மாதிரியா இருக்கறான்?

என்னங்க, நீங்க பாட்டுக்கு அவனையே பார்த்துக்கிட்டு இருக்கறீங்க? தெரிஞ்ச பையனுங்களா?

பேசுங்க்கா. நான் மட்டும் தொண்டத் தண்ணி வத்தப் பேசிக்கிட்டிருக்கறேன், நீங்க எந்த ஊருன்னு கூட நான் கேக்கல.

ராசிபுரமுங்களா! அட, அவங்களும் ராசிபுரம்தானுங்க, மாப்பிள்ளை ஊடு! நெய்க் கடை வெச்சிருக்காங்க, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. உங்களுக்குத் தெரியாம இருக்குமா? நல்லதாப் போச்சு, சாமியே உங்களை அனுப்பி வெச்சிருக்குது. ஒரு இடத்துக்குப் பொண்ணு குடுக்கறதுன்னா நாலு பேருகிட்ட விசாரிக்கோணுமில்ல? பையனை விசாரிச்சுட்டோம், தங்கமான பையங்கறாங்க. அவங்கம்மாவைப் பத்தித்தான் எனக்கு ஒரு இது. தரகரு சொன்னாரு, பேசவே பேசாதாம். முசுடாம். உம்முன்னு உக்காந்துக்கிட்டு அடுத்தவங்க பேசறதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருக்குமாம், மனசுல என்ன இருக்குதுன்னு கண்டுபுடிக்கவே முடியாதாம். அப்பறம் கடை பூரா நெய்யி, ஆனா ஊட்டுல தோசைக்கு எண்ணெய்தானாம்! எம்பொண்ணு நெய்த் தோசை திங்கறவ. அந்தம்மா எப்படிங்க? மறைக்காமச் சொல்லுங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.

என்ன சொன்னீங்க?

மறுக்காச் சொல்லுங்க.

நீங்களா?

ஐயோ! ஐயையோ! எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. ஏனுங்க மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? நான் என்னென்ன சொன்னேன்? முசுடுன்னது நான் இல்லீங்க, தரகரு. அந்த ஆளுக்கு நாக்குல நரம்பில்ல. ரசம் நல்லாத்தான் வெப்பா, அந்த நாய்க்கு அன்னைக்கு ஒடம்பு சரியில்ல. வாயி நீளம்னது... அது வந்து, வெளியிலதான், புகுந்த ஊட்டுல அடங்கிருவா. ஐயோ, ரெண்டு பொட்டலத்துலயும் செகப்பு வெச்சதை வேற சொல்லித் தொலைச்சுட்டனே! நல்ல குடும்பம்னு நினைச்சு வந்திருப்பீங்க. சாமி, நானே கெடுத்துப்போட்டேன். என் வாயாலயே கெடுத்துப்போட்டேன்.

சிரிக்கறீங்களே? கோபமில்லீங்களா?

உங்க பையனுக்கும் தெரியாதா? நீங்களும் சொல்லாமத்தான் கூட்டிட்டு வந்தீங்களா? ஏனுங்க? ஓசூருல கம்பெனின்னு சொல்லியுமா பொண்ணு ஊட்டுக்காரங்க வேண்டாம்னாங்க? எத்தனை பேரு? அத்தனை பேரா! அட பாவமே, தங்கமான பையனை. சொந்த வூடு, சொந்தக் கடை இருந்துமா? நானும் உங்களை மாதிரியேதானுங்க, அவ காதுக்குப் போகாமப் பார்த்துக்கலாம்னு... சரி, அவரு எங்க இப்ப? கூட்டிட்டு வந்தீங்களா?

அந்த நீலக் கலர் டவுசரா?

பொறுக்கின்னு கேட்டது நான் சும்மா கேட்டதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க.

இருங்க இருங்க, வர்றாங்க. ரெண்டு பேருமே இங்கதான் வர்றாங்க. நாம ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துக்கலாம். நீங்க எங்கிட்ட நேரம் கேட்ட மாதிரி இருங்க. வா கண்ணு, தலையத் தொவட்டு மொதல்ல. இவங்க சும்மா, நிழலுக்கு உக்காந்தாங்க, நாங்க ஊரைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்.

என்ன சொன்னே? என்னன்னு கூப்பிட்டே அவங்களை?

அத்தையா?

யாரு சொன்னா உனக்கு? உங்கப்பாவா! எப்பச் சொன்னாரு? நான் கடையில சொல்லிட்டு ஊடு வந்து சேர்றதுக்குள்ளயா? குலதெய்வத்து மேல சத்தியம் பண்ணினாரே அந்த மனுசன்! எனக்கே காட்டாமத் தரகருகிட்டப் போட்டோவும் வாங்கிக் காட்டினாரா? நம்பரும் குடுத்தாரா? ஓ, அந்த ஆபீஸ் போனு... ஏந்தம்பி, நீங்களும் உங்கம்மாகிட்டச் சொல்லலையா? பாருங்க்கா, பாருங்க. நாம ரெண்டு பேரும் இவங்களுக்குத் தெரியாம, இவங்க ரெண்டு பேரும் நமக்குத் தெரியாம! ஏண்டி, பெத்த தாய் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? சொன்னா நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?

என்னது?

மறுக்காவும் வேண்டாம்னு ஆயிட்டா நான் தாங்க மாட்டேன்னா? நானா? எனக்குத் தெரியாமயே பேசிப் பார்த்துக்கலாம்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுனீங்களா? நான் எதுக்கு கண்ணு தாங்காமப் போறேன், நான் உனக்காகத்தானே... போன தடவை நீ எத்தனை...

யாரு அழுதான்னா கேக்கறே?

நாந்தானுங்க்கா. ஆமா. அவ தோசை தின்னுட்டுத் தூங்கிட்டா. நாந்தான் அழுதேன். குழாயத் தொறந்து வுட்டா வெளிய கேக்காதுன்னு நினைச்சேன், கேட்டிருக்குது. ஒரு வருசமாக் கேட்டிருக்குது போல.

நீங்க ரெண்டு பேரும் போங்க கண்ணு, போயி அந்தக் குழாயில இன்னொரு தடவை விழுந்துட்டு வாங்க. தம்பி, பார்த்துக் கூட்டிட்டுப் போங்க, படி வழுக்குது. நாங்க பேசிக்கறோம்.

அக்கா, பாருங்க, எப்படிச் சிரிச்சுக்கிட்டுப் போறாங்கன்னு. இது நடந்தாலும் நடக்காட்டியும் அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க, நம்மள மாதிரி இல்ல, கல்லு. நான்தான் தாங்காதவ. அதனால உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நான் பேசினது, என் பூ, என் பொய்யி, எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. புடிச்சிருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க. புடிக்கலைன்னாலும் இப்பவே, எம்மூஞ்சிக்கு நேரா, இங்கயே சொல்லிப்போடுங்க. ஊருக்குப் போயிக் கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்பறோம்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிராதீங்க.